தவ்பாவுக்கு ஓர் இடம் வேண்டும்



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் எங்கள் தலைவர் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய சகோதர சகோதரிகளே! முதலில் என்னுடைய நப்ஸுக்கும், அதன் பின்னர் உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்கிறேன்.

போதைப்பொருள் பற்றிய குத்பாக்களை நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். தூளும் ஐஸும் ஹராம் என்கிறோம். இளைஞர்கள் அழிகிறார்கள், பெற்றோர் கவனமாக இருக்க வேண்டும் என்கிறோம். இவை எல்லாம் உண்மை. இன்று நான் பேச விரும்புவது அதற்குப் பிந்திய கட்டத்தைப் பற்றி. பிள்ளைகளை உடைய ஒரு தாய் இதில் விழுந்துவிட்டாள். இப்போது அவள் வெளியே வர நாடுகிறாள். அவள் எங்கே போவாள்? அவளுக்கு ஓர் இடம் கொடுப்பது நாங்கள் விரும்பினால் செய்யும் உபகாரமா, இல்லை எங்கள் கழுத்தில் இருக்கும் கடமையா?

பள்ளி வாசலில் நின்ற சகோதரி

சில வருடங்களுக்கு முன் நான் வேறோர் ஊரில் இமாமாக இருந்தேன். ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து வெளியே வரும்போது ஒரு சகோதரி வாசலில் நின்றார். இடுப்பில் கைக்குழந்தை. அபாயாவைப் பிடித்துக்கொண்டு நான்கு, ஐந்து வயதுப் பெண் பிள்ளை. கணவர் தூள் விற்றுப் பிடிபட்டுச் சிறையில் இருந்தார். அவருக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுத்ததும் அதே கணவர்தான். அவர் இருந்தது கணவருடைய தம்பியின் வீட்டில். அங்கேயும் அதே வியாபாரம். உம்மாவின் வீட்டில் கதவைத் திறக்கவில்லை.

அவர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "ஹஸரத், எனக்கு இத உட்டுட ஏலும். அந்த ஊட்டுல இருந்துகொண்டு உட ஏலா. ரெண்டு மூணு மாசம் பிள்ளயளோட இருக்க எங்கயாவது ஒரு இடம் எடுத்துத் தாங்க."

நான் அவருக்குத் தவ்பாவின் சிறப்பைச் சொன்னேன். அல்லாஹ் மன்னிப்பவன் என்றேன். துஆ செய்தேன். எங்களுக்குத் தெரிந்த இரண்டு இடங்களுக்குத் தொலைபேசி எடுத்தோம். ஒன்றில் பெண்களை எடுப்பதில்லை. மற்றதில் பெண்ணை எடுக்கலாம், பிள்ளைகளை எடுக்க முடியாது என்றார்கள். பிள்ளைகளை அந்த வீட்டில் விட்டுவிட்டுப் போக அவர் மறுத்தார். அதில் அவரைக் குறை சொல்ல முடியுமா? நிர்வாகசபையிடம் பேசி 5,000 ரூபா எடுத்துக் கொடுத்தேன். மஃரிபுக்கு முன் ஓர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம். அந்த ஆட்டோ போனது அதே வீட்டுக்குத்தான்.

சில மாதங்களின் பின் அவர் விளக்கமறியலில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். பிள்ளைகள் எங்கே என்று விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

அன்பர்களே! அவர் என்னிடம் கேட்டது ஓர் அறை. நான் கொடுத்தது ஓர் உபதேசம். அந்த உபதேசத்தில் பிழை இல்லை. ஆனால் அது பாதிதான் என்பதை நான் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். அதுவும் நான் பல தடவை மிம்பரில் சொல்லிய ஒரு ஹதீஸிலிருந்தே விளங்கிக்கொண்டேன்.

தொண்ணூற்றொன்பது பேரைக் கொன்றவரும் இரண்டு ஆலோசகர்களும்

புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் அந்தச் செய்தி உங்களுக்குத் தெரியும். தொண்ணூற்றொன்பது பேரைக் கொலை செய்த ஒருவர் தவ்பாவைத் தேடிப் போனார். முதலில் ஒரு வணக்கசாலியிடம் கேட்டார். உனக்குத் தவ்பா இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். இவர் அவரையும் கொன்று நூறாக்கினார். பிறகு ஓர் ஆலிமிடம் போனார். அந்த ஆலிம், உனக்கும் தவ்பாவுக்கும் இடையில் யார் தடையாக நிற்க முடியும் என்று கேட்டார்.

நாங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறோம். அல்லாஹ்வின் மன்னிப்பு விசாலமானது என்ற பாடத்தை எடுத்துக்கொண்டு முடித்துவிடுகிறோம். ஆனால் அந்த ஆலிம் அங்கே நிறுத்தவில்லை. இன்ன ஊருக்குப் போ, அங்கே அல்லாஹ்வை வணங்கும் மக்கள் இருக்கிறார்கள், அவர்களோடு சேர்ந்து நீயும் வணங்கு, உன் ஊருக்குத் திரும்பிப் போகாதே, அது கெட்ட ஊர் என்று சேர்த்துச் சொன்னார்.

கவனியுங்கள். அவர் தீர்ப்பையும் சொன்னார், முகவரியையும் கொடுத்தார். போக வேண்டிய ஊர், அங்கே இருக்கும் மனிதர்கள், விட வேண்டிய ஊர் ஆகிய மூன்றையும் குறிப்பிட்டார். ஏனென்றால் அந்த மனிதரின் உள்ளம் மாறியிருந்தாலும் அவருடைய தெரு மாறவில்லை. அவரைக் கொலைக்குப் பழக்கிய கூட்டம் அங்கேயே இருந்தது. வழியில் அவர் மௌத்தானபோது ரஹ்மத்தின் மலக்குகளும் அதாபின் மலக்குகளும் அவரைப் பற்றித் தர்க்கித்தார்கள். அப்போது அளக்கப்பட்டது எது? இரண்டு ஊர்களுக்கும் இடையிலான தூரம். நல்ல ஊருக்கு ஒரு சாண் நெருக்கமாக இருந்ததால் ரஹ்மத்தின் மலக்குகள் அவரை எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது அந்த ஆலிமின் இடத்தில் எங்களை வைத்துப் பார்ப்போம். தவ்பாவைத் தேடி வரும் ஒரு தாயிடம், அந்தக் கெட்ட வீட்டை விட்டு வெளியேறு என்று சொல்கிறோம். எங்கே போ என்று சொல்வதற்கு எங்களிடம் என்ன இருக்கிறது?

பள்ளிவாசலுக்குள் ஒரு பெண்ணின் கூடாரம்

ஒரு பெண்ணைப் பற்றி ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியில் இருக்கிறது. அவர் ஓர் அரபுக் கோத்திரத்தின் கறுப்பின அடிமை. அவர்கள் அவரை உரிமை விட்ட பின்னும் அவர்களோடே வாழ்ந்தார். ஒரு நாள் அந்த வீட்டுச் சிறுமியின் சிவப்புத் தோல் அணி காணாமல் போனது. ஒரு பருந்து அதை இறைச்சி என்று நினைத்துத் தூக்கிப் போயிருந்தது. பழி இவர் மீது விழுந்தது. அவர்கள் இவருடைய உடம்பின் மறைவிடம் வரை சோதனை செய்தார்கள். அப்போது பருந்து திரும்பி வந்து அதை அவர்களுக்கு நடுவில் போட்டது. அதன் பிறகு அவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து இஸ்லாத்தை ஏற்றார். அவருக்கு மஸ்ஜிதுன் நபவியில் ஒரு சிறு கூடாரம் இருந்தது. அவர் ஆயிஷா (ரழி) அவர்களிடம் வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு தடவையும் அந்த நாளைப் பற்றிய ஒரு கவிதை அடியைச் சொல்லித்தான் தொடங்குவார்.

இந்தச் செய்தியில் எனக்கு இரண்டு விடயங்கள் முக்கியமாகத் தெரிகின்றன. ஒன்று, போக இடமில்லாத ஒரு பெண்ணுக்கு நபியின் பள்ளிவாசலிலேயே தங்க இடம் கிடைத்தது. பள்ளிவாசலில் பெண்ணுக்கு எப்படி இடம் கொடுப்பது, ஊரார் என்ன சொல்வார்கள் என்ற பேச்சு அங்கே இல்லை. மற்றது, பேச ஓர் ஆள் கிடைத்தார். அவமானப்பட்ட நாளை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். உம்முல் முஃமினீன் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இன்று சிகிச்சை தருபவர்கள் கேட்பதும் இவ்விரண்டையும்தான்: பாதுகாப்பான ஓர் இடம், சலிக்காமல் கேட்கும் ஒரு காது.

"தானே தேடிக்கொண்டதுதானே?"

இங்கே உங்கள் உள்ளத்தில் ஒரு கேள்வி எழலாம். அந்தப் பெண் குற்றம் செய்யாதவர். போதைக்கு அடிமையான தாய் தன் கையால் தேடிக்கொண்டவள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தவர்களுக்குப் புத்தளத்து மக்கள் இடம் கொடுத்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது கிழக்கின் பள்ளிவாசல்களும் மத்ரஸாக்களும் திறந்துவிடப்பட்டன. இடைத்தங்கல் முகாம் என்றால் என்னவென்று எங்கள் சமூகத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் எல்லோரும் அநியாயத்தாலோ இயற்கையாலோ வீடிழந்தவர்கள். இவள் பாவத்தால் வீடிழந்தவள். இருவரும் ஒன்றா?

இது நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் கடந்து போகக் கூடாது.

இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜை எங்கள் மத்ரஸாக்களில் ஓதுகிறோம். ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாரில் கடன்பட்டவரும் ஒருவர். பாவமான காரியத்துக்காகக் கடன்பட்டவருக்கு ஸகாத்திலிருந்து கொடுக்கலாமா என்ற கேள்வி அங்கே வருகிறது. அவர் தவ்பாச் செய்துவிட்டால் கொடுக்கலாம் என்பதே மிகச் சரியான கருத்து என்று நவவி அவர்கள் சொல்கிறார்கள். அவர்களும் இந்தக் கேள்வியைத்தான் சந்தித்திருக்கிறார்கள். தேவை எப்படி வந்தது என்பதை அவர்கள் பார்த்தார்கள். அதோடு நின்றுவிடாமல் இன்று அந்த மனிதர் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார் என்பதையும் பார்த்தார்கள். அல்லாஹ்வின் பக்கம் திரும்பியவரைப் பழைய பாவத்தைச் சொல்லித் தள்ளிவிடுவதை ஃபிக்ஹு ஏற்கவில்லை.

இன்னொன்று. தானே தேடிக்கொண்டது என்று சொல்லும்போது, அவள் எப்படி இதற்குள் வந்தாள் என்பதை யோசியுங்கள். இதில் விழுந்த பெண்களில் பலருக்கு முதன்முதலில் கொடுத்தவர் கணவராகவோ நெருங்கிய ஆணாகவோ இருக்கிறார். ஆண்களைவிடப் பெண்கள் குறுகிய காலத்தில் அடிமையாகிவிடுகிறார்கள் என்பதையும் ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். முதல் தடவை எடுத்தபோது அவளுக்கு ஒரு தெரிவு இருந்திருக்கலாம். நூறாவது தடவையில் அந்தத் தெரிவு மிக மெலிந்துபோயிருக்கும். அவளுடைய பொறுப்பு முற்றாக நீங்கிவிட்டது என்று நான் சொல்லவில்லை. பொறுப்பு நீங்கியிருந்தால் தவ்பாவே தேவைப்படாது. பொறுப்பு அவளிடம் மட்டும் இல்லை என்று சொல்கிறேன்.

மது எப்படித் தடை செய்யப்பட்டது என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஸூரத்துல் பகராவின் 219ஆம் வசனம் அதன் பாவம் பயனைவிடப் பெரியது என்று உணர்த்தியது. ஸூரத்துன் நிஸாவின் 43ஆம் வசனம் போதையோடு தொழுகையை நெருங்குவதைத் தடுத்தது. ஸூரத்துல் மாஇதாவின் 90, 91ஆம் வசனங்களில் முற்றான தடை வந்தது. ஆரம்பத்திலேயே குடிக்காதீர்கள் என்று இறங்கியிருந்தால் மக்கள் மறுத்திருப்பார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் விளக்கியதும் புகாரியில் இருக்கிறது. சட்டம் இன்று பூர்த்தியாகிவிட்டது. போதையைத் தொடர எவருக்கும் தவணை கிடையாது. ஆனால் ஒரு பழக்கத்திலிருந்து மனிதர்களை வெளியே எடுக்கக் காலமும், சூழலும், கூட்டமும் தேவை என்பதை அல்லாஹ் எங்களுக்குக் காட்டித்தந்திருக்கிறான். மதீனா என்ற சமூகம் உருவான பிறகுதான் அந்தப் பாத்திரங்கள் தெருவில் ஊற்றப்பட்டன.

மீண்டும் விழுந்தால்?

இடம் கொடுத்தோம், மீண்டும் எடுத்துவிட்டாள் என்றால் என்ன செய்வது?

ஹெரோயினை நிறுத்தினால் உடல் வலி, வாந்தி, தூக்கமின்மை இரண்டு மூன்று நாட்களில் உச்சத்துக்கு வந்து, ஒரு வாரம் பத்து நாட்களில் பெருமளவு தணிந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு, சுகமாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். உண்மையான சோதனை அப்போதுதான் தொடங்குகிறது. மூளை பழைய நிலைக்குத் திரும்ப மாதங்கள் எடுக்கும். 90 நாட்களுக்குக் குறைந்த சிகிச்சையின் பயன் குறைவு என்று அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் சொல்கிறது. சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் மீண்டும் ஒரு தடவையாவது விழுகிறார்கள் என்றும், இது ஆஸ்துமா, உயர் இரத்த அழுத்த நோயாளிகளின் நிலையை ஒத்தது என்றும் அது சொல்கிறது. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நிறுத்திய பின் உடலின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். பழைய அளவையே திரும்ப எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். ஆகவே பத்து நாள் சிகிச்சை கொடுத்து அதே தெருவுக்குத் திருப்பி அனுப்புவது சில வேளைகளில் மௌத்துக்கு அனுப்புவதாகவே ஆகிவிடுகிறது.

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் அப்துல்லாஹ் என்றொருவர் இருந்தார். நபியவர்களைச் சிரிக்க வைப்பார். அவர் குடித்ததற்காகப் பல தடவை கொண்டுவரப்பட்டுத் தண்டிக்கப்பட்டார். இன்னொரு தடவை கொண்டுவரப்பட்டபோது ஒருவர், எத்தனை தடவை கொண்டுவரப்படுகிறான் என்று சொல்லிச் சபித்தார். நபியவர்கள் அதைத் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சி சொன்னார்கள். இதே போன்ற இன்னோர் அறிவிப்பில், உங்கள் சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவ வேண்டாம் என்று கூறினார்கள்.

அவருடைய தவறை நபியவர்கள் தவறில்லை என்று சொல்லவில்லை. தண்டனை நிறைவேறியது. ஆனால் அவர் ஜமாஅத்தை விட்டு வெளியே தள்ளப்படவில்லை. ஒரு மறுவாழ்வு இல்லத்துக்கும் சட்டங்கள் இருக்க வேண்டும். மீண்டும் எடுத்தவர் அந்த இல்லத்தில் இருக்க முடியாமல் போகலாம், அங்குள்ள மற்றப் பெண்களையும் பாதுகாக்க வேண்டும். ஆனாலும் அவரை வைத்தியசாலைக்கு அழைத்துப் போக ஓர் ஆள் இருக்க வேண்டும். திரும்பி வர ஒரு கதவு இருக்க வேண்டும். ஷைத்தானுக்கு உதவாமல் இருப்பது இப்படித்தான்.

பிள்ளை யாரோடு இருக்க வேண்டும்?

இந்தக் கேள்வியில்தான் பல தாய்மார் தடுக்கி நிற்கிறார்கள். உதவி கேட்டுப் போனால் பிள்ளையைப் பறித்துவிடுவார்கள் என்ற பயத்தில் மறைக்கிறார்கள். மறைப்பதால் நோய் முற்றுகிறது. கடைசியில் பொலிஸ் வரும்போதுதான் வெளியே தெரிகிறது. எங்கள் நாட்டில் சிறைக்குப் போகும் தாயோடு ஐந்து வயது வரை பிள்ளை இருக்கலாம். யோசித்துப் பாருங்கள். தாயையும் பிள்ளையையும் சேர்த்து ஏற்க சிறைச்சாலையில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. எங்கள் ஊரில் அப்படி ஓர் அறை இருக்கிறதா?

ஒரு பயணத்தில் ஸஹாபாக்கள் ஒரு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துக்கொண்டார்கள். தாய்ப் பறவை வந்து சிறகை அடித்துக்கொண்டு தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், யார் இதைத் தவிக்க வைத்தது என்று கேட்டு, குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கும்படி சொன்னார்கள். அபூதாவூதில் இச்செய்தி இருக்கிறது. அதே கிரந்தத்தில் வரும் இன்னொரு செய்தியில், விவாகரத்துச் செய்த கணவர் பிள்ளையைப் பறிக்கப் பார்க்கிறார் என்று ஒரு பெண் முறையிட்டபோது, நீ மறுமணம் செய்யாத வரை நீயே அதிக உரிமை உடையவள் என்று தீர்ப்பளித்தார்கள்.

அதே நேரம் பிள்ளையின் பாதுகாப்பு தாயின் ஆசைக்கு முந்தியது. ஹளானா எனப்படும் வளர்ப்புரிமைக்குப் புத்தித் தெளிவும் நம்பகத்தன்மையும் நிபந்தனைகள். போதையில் இருக்கும்போது அந்த நிபந்தனை உடைந்துவிடுகிறது. பிள்ளை பட்டினி கிடக்கிறது, அடிபடுகிறது, ஆபத்தான ஆண்கள் வந்து போகும் வீட்டில் இருக்கிறது என்றால் அதை வெளியே எடுத்தே ஆக வேண்டும். ஆனால் ஷாபிஈ மத்ஹபின்படி, தடை நீங்கினால் தாயின் உரிமை திரும்ப வரும். அப்படியானால் அந்தத் தடையை நீக்க அவளுக்கு உதவுவது பிள்ளையின் ஹக்கும் ஆகும். பிள்ளைகள் தங்கக்கூடிய ஓர் இல்லத்தில், பொறுப்பான ஒரு பெண்ணின் மேற்பார்வையில் தாயும் பிள்ளையும் சேர்ந்திருந்தால் இரண்டு ஹக்குகளும் காப்பாற்றப்படுகின்றன. பிள்ளையைப் பார்க்கக் கண்கள் இருக்கின்றன. தாய்க்கும் எழுந்து நிற்க ஒரு காரணம் இருக்கிறது.

கருவுற்ற சகோதரிகளைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஹெரோயினுக்கு அடிமையான கர்ப்பிணியை வீட்டில் பூட்டி வைத்துத் திடீரென நிறுத்த வைப்பது கருவுக்கு ஆபத்தாகலாம். வைத்தியரின் கண்காணிப்பில் மெதடோன் அல்லது பியூப்ரனோர்ஃபின் கொடுப்பதை உலக சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டலில் பரிந்துரைத்தது. இது வைத்தியரின் துறை. ஓதிப் பார்க்கிறேன் என்று நாட்களைக் கடத்த வேண்டாம், ஓதுவதை வைத்தியசாலைக்குப் போகும் வழியிலும் ஓதலாம். பிறந்த குழந்தைக்கு நடுக்கமும் ஓயாத அழுகையும் வரக்கூடும். அப்படிப்பட்ட குழந்தைகள் தாயோடு ஒரே அறையில் இருக்கும்போது மருந்தின் தேவையே குறைகிறது என்பதை வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். அல்லாஹ் அந்தத் தாயின் மடியில் வைத்திருக்கும் ஷிஃபாவைப் பாருங்கள்.

இது எங்களுக்குப் புதிதல்ல

ஹிஜ்ரி 684இல், அதாவது கி.பி. 1285இல், கெய்ரோவில் ஒரு ரிபாத் கட்டப்பட்டது. சுல்தான் ளாஹிர் பைபர்ஸின் மகள் அதைக் கட்டி, ஸைனப் என்ற ஆலிமாவிடம் ஒப்படைத்தார். ரிபாத்துல் பக்தாதிய்யா என்று அதற்குப் பெயர். விவாகரத்தான பெண்களும் கைவிடப்பட்ட பெண்களும் மறுமணம் செய்யும் வரை, அல்லது கணவரிடம் திரும்பும் வரை அங்கே தங்கினார்கள் என்று வரலாற்றாசிரியர் மக்ரீஸி எழுதுகிறார். ஓர் ஆலிமாவின் பொறுப்பில், வணக்கமும் ஒழுங்கும் உள்ள ஓர் இடைத்தங்கல் வீடு அது. அதன் ஷைகாவாக இருந்தவர்களில் ஹிஜ்ரி 714இல் வபாத்தான பாத்திமா பின்த் அப்பாஸ் (ரஹ்) அவர்களும் ஒருவர். அவருடைய இல்மை இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்கள் புகழ்ந்திருக்கிறார்கள். பெண்களுக்கான தங்குமிடத்தைப் பொறுப்பேற்பதை அவர் தன் தகுதிக்குக் குறைவாக நினைக்கவில்லை.

இன்றைய உலகிலும் இதன் பயனை அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மேரிலாந்தில் 1975இல் ஒக்ஸ்போர்ட் ஹவுஸ் என்ற முறை தொடங்கியது. போதையை விட்டவர்கள் ஒரு சாதாரண வீட்டை வாடகைக்கு எடுத்துச் சேர்ந்து வாழ்வார்கள். செலவைப் பகிர்வார்கள். மீண்டும் எடுப்பவர் வெளியேற வேண்டும். பிள்ளைகளுடன் தாய்மார் வாழும் வீடுகளும் அதில் உண்டு. இலினோய் மாநிலத்தில் சிகிச்சை முடித்த 150 பேரை இரண்டாகப் பிரித்து ஆய்வு செய்தார்கள். ஒரு பகுதியினர் இந்த வீடுகளுக்குப் போனார்கள். மற்றவர்கள் வழமையான கவனிப்போடு விடப்பட்டார்கள். இரண்டு வருடங்களின் பின் வீடுகளுக்குப் போனவர்களில் சுமார் 31 சதவீதம் பேரும், மற்றவர்களில் சுமார் 65 சதவீதம் பேரும் போதைக்குத் திரும்பியிருந்தார்கள். இரு சாராரும் சிகிச்சை பெற்றவர்கள்தான். சிகிச்சைக்குப் பிறகு எங்கே வாழ்ந்தார்கள், யாரோடு வாழ்ந்தார்கள் என்பதே வித்தியாசம். அந்த ஆலிம் சொன்ன ஆலோசனையும் இதுதானே?

விதவைகளும் அநாதைகளும் இருக்கும்போது?

எங்கள் ஊரில் விதவைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கே போதவில்லை, இவர்களுக்கு எப்படி என்று ஒரு நிர்வாகி கேட்கலாம். விதவையின் ஹக்கை எடுத்து இவருக்குக் கொடுக்கச் சொல்லவில்லை. சிறைக்குப் போனவனின் மனைவியும் அவனுடைய பிள்ளைகளும் ஃபக்கீர்களின் பட்டியலில்தான் வருகிறார்கள் என்று சொல்கிறேன். அவருடைய உணவுக்கும் மருந்துக்கும் பிள்ளையின் பாலுக்கும் ஸகாத்தை அவர் கையிலேயே உரிமையாக்கிக் கொடுக்கலாம். கட்டடத்துக்கு ஸகாத்தைப் பயன்படுத்துவதைப் பெரும்பான்மையான உலமாக்கள் அனுமதிப்பதில்லை. அதற்கு ஸதகாவும் வக்ஃபும் இருக்கின்றன. பல பள்ளிவாசல்களுக்கு வாடகைக்கு விடும் வீடுகளும் கடைகளும் இருக்கின்றன. வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வீடுகளும் ஊரில் இருக்கின்றன. புதிதாக எழுதப்படும் ஒரு வக்ஃபில், பிள்ளைகளோடு இடமின்றி வரும் பெண்களுக்கு என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும்.

ஓர் ஊரால் முடியாவிட்டால் நான்கு ஊர்கள் சேரலாம். மூன்று நான்கு அறைகள், உறுதியான ஒரு ராத்தா பொறுப்பாளராக, பக்கத்து அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவோடு தொடர்பு, நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் அனுமதியும் கண்காணிப்பும், பிள்ளைகள் பாடசாலைக்குப் போக ஒழுங்கு, தாய் சம்பாதிக்க ஒரு கைத்தொழில். ஆறு மாதமோ ஒரு வருடமோ தங்கிவிட்டுத் தன் காலில் வெளியேற வேண்டும். சட்டப்படி பதிந்து செய்யுங்கள். ஆனால் போதை மறுவாழ்வு இல்லம் என்று வீதியில் பலகை மாட்டாதீர்கள். அரிசி கொடுத்துவிட்டுப் படம் எடுத்து முகநூலில் போடாதீர்கள். ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைக்கிறான் என்ற ஹதீஸ் இங்கேதான் அமலுக்கு வர வேண்டும். அந்தப் பிள்ளைகள் நாளை இதே ஊரில் திருமணம் பேச வேண்டியவர்கள்.

இதை வாசிக்கும் உங்களுக்கு

இதை வாசிப்பவர்களில் ஒரு தகப்பனோ தாயோ இருக்கலாம். மகள் இப்படியானதால் கதவைப் பூட்டியிருக்கலாம். உங்கள் வலி எனக்கு விளங்குகிறது. நகையைத் திருடியிருப்பாள், பொய் சொல்லியிருப்பாள். வீட்டுக்குள் எடுக்க முடியாத நிலை இருந்தால் எடுக்க வேண்டாம். ஆனால் அவளுக்கு வேறோர் இடம் தேடிக் கொடுங்கள். தொலைபேசி இலக்கத்தை மாற்றாதீர்கள்.

கணவன்மாரே! உங்கள் மனைவிக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுத்தவர் நீங்கள் என்றால், உங்கள் தவ்பா தொழுகை விரிப்பில் மட்டும் முடிந்துவிடாது. அவர் வெளியேற வழிவிடுங்கள். பின்தொடர்ந்து போய்த் தொந்தரவு செய்யாதீர்கள்.

இதை யாருக்கும் தெரியாமல் இரவில் வாசிக்கும் சகோதரியே! பாவத்திலிருந்து மீண்டவர் பாவமே செய்யாதவரைப் போன்றவர் என்பது நபியவர்களின் வாக்கு. அல்லாஹ்விடம் உங்களுக்கு இடம் இருக்கிறது. அதைச் சந்தேகிக்காதீர்கள். எங்களிடம் உங்களுக்கு இடம் இல்லாமல் போனது எங்கள் குற்றம். நம்பிக்கையான ஒரு பெண்ணிடம் சொல்லுங்கள். அரச வைத்தியசாலைக்குப் போய் வைத்தியரிடம் மறைக்காமல் பேசுங்கள். கருவுற்றிருந்தால் தனியாகத் திடீரென நிறுத்த முயற்சிக்காதீர்கள்.

சகோதரர்களே! அந்த ஆட்டோ போன திசையை நான் இன்னும் மறக்கவில்லை. மறுமையில் அந்தச் சகோதரி, நான் உன்னிடம் வந்தேனே என்று சொன்னால் என்னிடம் இருக்கும் பதில் 5,000 ரூபா மட்டும்தான். உங்கள் ஊர்ப் பள்ளி வாசலுக்கு அப்படி ஒருவர் வரும் நாளில், உங்கள் இமாமின் கையில் ஒரு வீட்டின் சாவியாவது இருக்கட்டும். இந்த வாரமே நிர்வாகசபையில் ஒருவரிடம் பேசுங்கள்.

யா அல்லாஹ்! போதையில் சிக்கியிருக்கும் எங்கள் ஆண்களையும் பெண்களையும் மீட்பாயாக. தவ்பாவை நாடி நடப்பவர்களுக்கு நல்ல ஊரை ஒரு சாண் நெருக்கமாக்கி வைப்பாயாக. தாய்மாரையும் பிள்ளைகளையும் பிரியாமல் பாதுகாப்பாயாக. கேட்டு வந்தவர்களை வெறும் உபதேசத்தோடு அனுப்பிய எங்கள் குறையை மன்னிப்பாயாக. அவர்களுக்கு இடம் கொடுக்கும் தௌபீக்கை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.